நாய்க்கொடி

ரோஷன் பீவிக்குக் கோபம் வந்தால் கள்ளக்குறிச்சி கடைத்தெருவே வழிவிடும். பழக்கடை வைத்திருந்த புருஷன் இறந்ததும், நைனார்பாளையத்தில் அவர் போட்டிருந்த திராட்சைத் தோட்டத்தைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். புருஷனின் அண்ணன் ஷேக் மைதீன் அதை விற்கச் சொல்லி நச்சரித்தார். தோட்டத்துக் கிணறு உப்பு. லாரியில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து பாய்ச்சித்தான் கொடிகள் உயிரோடு இருந்தன. தோட்டம் காய்ந்தால் கையெழுத்துப் போடுகிறேன் என்று வீறாப்பில் வாக்குக் கொடுத்தாள்.

வேளாண்மை அதிகாரி ஒருவர் உப்பைத் தாங்கும் காட்டுத் திராட்சைக் குச்சிகளைக் கொடுத்து, அதை வேர்ச்செடியாக வளர்த்து மேலே பன்னீர் திராட்சையை ஒட்டுக் கட்டச் சொன்னார். அதற்கு டாக்ரிட்ஜ் என்று பெயர். கடைத்தெருவின் காதில் 'டாக்' மட்டும்தான் விழுந்தது. நாய்க்கொடி என்றார்கள், அவளையும் நாய்க்கொடி பீவி என்றார்கள். அதே கடைத்தெருவில் வளர்ந்த எனக்கு இன்னும் அந்த ஆத்திரம் அடங்கவில்லை. குச்சி போதாததால் பாதித் தோட்டம் பழைய கொடியாகவே நின்றது.

எண்பத்தேழில் வன்னியர்களின் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. மரங்களை வெட்டிச் சாலையில் போட்டார்கள். தண்ணீர் லாரி நின்றது. சாலை திறந்த பிறகும் லாரிக்காரர் இந்தப் பக்கம் வரப் பயந்தார், மழையும் ஏமாற்றியது. தோட்டத்தில் வேலை செய்த மாயவன் மறியலுக்குப் போனவர். தன்னால்தான் கொடி காய்கிறது என்று அவள் முகத்தைப் பார்க்கவே கூசினார்.

"உனக்கு வரவேண்டியத நீ கேட்ட. அதுல இன்னா தப்பு? போயி மோட்டாரப் போடு" என்றாள்.

உப்புக் கிணற்றுத் தண்ணீரே பாய்ந்தது. நாளாக ஆகப் பழைய கொடிகளின் இலைகள் ஓரத்தில் கருகிச் சுருண்டன. ஒட்டுக் கட்டிய கொடிகள் பச்சையாகவே நின்றன. உப்பு பட்டதும் அந்த வேரிலுள்ள சில மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன என்று பின்னாளில் படித்தேன். உப்பை மேலே விடாமல் வேரிலேயே பூட்டிவைக்கும் புரதங்கள் உண்டாகின்றன. இலையில் புரோலின் என்ற அமினோ அமிலம் சேர்ந்து ஈரத்தைப் பிடித்துவைக்கிறது.

நிலம் வாங்குபவரையும் கூட்டிக்கொண்டு ஷேக் மைதீன் வந்தார். பாதித் தோட்டம் காய்ந்துவிட்டதே, சொன்னபடி கையெழுத்துப் போடு என்றார்.

அவள் பச்சைக் கொடிகளின் நடுவே போய் நின்றுகொண்டாள். "நான் சோத்துல உப்பு போட்டுத்தான் துன்றேன், பெரிய மச்சான். என் கொடியும் அப்படித்தான். விக்க மாட்டேன்."

காய்ந்ததைப் பிடுங்கிவிட்டு அங்கேயும் அதே வேர்ச்செடியை நட்டாள். பழம் வந்ததும் கடைவாசலில் பெரிய எழுத்தில் பலகை மாட்டினாள்: நாய்க்கொடித் திராட்சை.