வெளியே நின்ற என் சம்பந்தி

செய்தி வந்தபோது நான் குசினியில் உழுந்து கழுவிக்கொண்டிருந்தேன். அடுத்த நாள் ஆஸ்பத்திரியில் இருந்த என் சம்பந்தி ஜோனுக்குத் தோசை சுட்டுக்கொண்டு போவதாக இருந்தது. மருமகள் எமிலி தொலைபேசியில், "மாமி, மம் போயிட்டா" என்றாள். அதைத் தமிழிலேயே சொன்னாள். "மாமி, சாப்பிட்டாச்சு", "மாமி, போட்டு வாறன்" என்று எங்கள் வீட்டுக்கு வந்து அவள் பழகிய தமிழ், இப்படி ஒரு செய்தி சொல்லவும் உதவும் என்று நான் நினைத்திருக்கவில்லை. கழுவிய உழுந்தை என்ன செய்வது? அரைத்து வைத்தேன். மறுநாள் ஜோனின் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வந்த சனத்துக்கெல்லாம் அந்த மாவில்தான் தோசை சுட்டுக் கொடுத்தேன். ஜோன் இருந்திருந்தால், முதல் தோசை தனக்கு என்று கதிரையை அடுப்படிக்கே இழுத்துக்கொண்டு வந்திருப்பார்.

சிட்னியில் ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போகிற உங்களில் பலர் ஜோனைக் கண்டிருப்பீர்கள். பெயர் தெரியாவிட்டாலும் ஆளைத் தெரியும். வெட்டிவிட்ட வெள்ளைத் தலைமயிர், முழங்கால் வரைக்கும் ஒரு காற்சட்டை, முதுகில் பை, காலில் மலையேறுகிற பெரிய சப்பாத்து. கோயில் கன்ரீனில் பிள்ளைகளோடு பிள்ளையாக வரிசையில் நின்று வடை வாங்குவார். அவருடைய வீடு கோயிலில் இருந்து கொஞ்சத் தூரம்தான், காட்டோரத்தில். நாங்கள் பென்டில் ஹில்லில் இருந்து காரில் கோயிலுக்கு வந்தால், பூசை முடிந்து அவருடைய வீட்டுக்கும் போவோம். தேத்தண்ணி குடித்து முடியும் முன்னமே, "வாரும் சம்பந்தி, நடப்பம்" என்று என்னைக் காட்டுக்குள் இறக்கிவிடுவார். அவர் பேசியது ஆங்கிலம்தான். என் காதில் அது எங்கள் பேச்சாகவே இருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

எங்கள் இருவருக்கும் ஒரே பேத்தி, மாயா. என் மகனுக்கும் அவருடைய மகளுக்கும் பிறந்தவள். இப்போது பல்கலைக்கழகத்தில் பல் வைத்தியம் படிக்கிறாள். அஞ்சலி எழுதுகிற இடத்தில் இதைச் சொல்ல வேண்டுமா என்று மகன் கேட்டான். ஜோன் எந்த இடத்திலும் சொல்லுவார், நானும் சொல்லுகிறேன். பிள்ளை பிறந்த அன்று தொட்டிலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ஜோன். "மூக்கு எங்கட மூக்கு" என்றேன். "பாவம், வளர வளரச் சரியாய்ப் போகும்" என்றார். என்னை அவள் அப்பம்மா என்று கூப்பிட வேண்டும், அது தெரிந்த விடயம். தாயின் தாய்க்கு உங்களிடம் என்ன பெயர் என்று ஜோன் கேட்டார். அம்மம்மா என்றேன். "அப்ப நான் அம்மம்மா" என்று சொல்லிவிட்டார். கடைசிவரை மாயா அவரை அப்படித்தான் கூப்பிட்டாள்.

பிரான்சுக்கு நாங்கள் நடக்கப் போன கதை பலருக்குத் தெரியாது. பாரிசில் என் தங்கை இருக்கிறாள், அவளைப் பார்க்கப் போனேன் என்றுதான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையில் தங்கை வீட்டில் இரண்டு இரவுதான் படுத்தோம். பிறகு ரெயில் ஏறி, பிரான்சின் நடுவில் குளங்கள் நிறைந்த ஒரு நாட்டுப்புறத்தில் இறங்கி, ஊர் ஊராக நடந்தோம். ஜோனோடு போவதாக இருந்த அவருடைய அக்கா விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டதால் அந்த இடம் எனக்குக் கிடைத்தது.

ஜோனுக்கு அங்கே ஒரு காரியம் இருந்தது. பல வருடத்துக்கு முன்னர் அவரும் கணவர் கென்னும் அதே வழியில் நடந்திருக்கிறார்கள். கடைசி ஊரில் மிகப் பழைய சிறிய தேவாலயம் ஒன்று. அதன் உள்சுவரில் ஆதிகாலத்துச் சித்திரம் இருக்கிறதாம். இவர்கள் போன அன்று கதவு பூட்டு. திறப்பை வைத்திருந்த ஆள் ஊரில் இல்லை. ரெயிலுக்கு நேரமாகிவிட்டது. "அடுத்தமுறை பார்ப்பம்" என்று கென் சொன்னாராம். அடுத்தமுறை வருமுன்னே கென் போய்விட்டார். அந்தச் சித்திரத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் ஜோனுடைய ஆசை. விமானத்திலேயே எனக்கு இதைச் சொல்லிவிட்டார்.

நான் சேலையோடு நடக்கலாமோ என்று கேட்டேன். "கால்தானே நடக்கிறது, சேலை நடக்கேல்லையே" என்றார். முழங்கால் அளவுக்குச் சேலையை உயர்த்திச் செருகி, மாயா வாங்கித் தந்த சப்பாத்தோடு நடந்தேன். மாட்டுப் பட்டி வேலிகளைத் தாண்டும்போது ஜோன் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொள்ளுவார். என்னைவிட இரண்டு மடங்கு வேகமாக நடக்கக் கூடியவர், ஆனால் எப்போதும் எனக்குப் பின்னால்தான் வருவார். ஏன் என்று கேட்டதற்கு, "வேகமான ஆள் முன்னுக்குப் போனால் அது நடை இல்லை, ஓட்டப் போட்டி" என்றார்.

அந்தப் பகுதியில் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு தேவாலயம், அதற்குப் பக்கத்தில் ஒரு குளம். குளமெல்லாம் மனுசர் வெட்டினவையாம், மீன் வளர்க்க. குளத்தையும் கோயிலையும் பக்கம் பக்கமாக வைக்கிற புத்தி அந்தச் சனத்துக்கும் இருந்திருக்கிறது. முதல் தேவாலயத்தில் நான் வாசலில் சப்பாத்தைக் கழற்றினேன். இங்கே அப்படி வழக்கமில்லை என்று ஜோன் சொல்லுவார் என்று பார்த்தேன். அவர் படியில் குந்தி, தன்னுடைய பெரிய சப்பாத்தின் நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார். அவிழ்க்கவே கனநேரம் பிடித்தது. உள்ளே கல்நிலம் ஐஸ் மாதிரி. இரண்டு பேரும் காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே வந்தோம்.

அன்று பின்னேரம் சிட்னியில் இருந்து மகன் தொலைபேசி எடுத்தான். ரொறொன்ரோவில் என் கணவரின் தமையனார் இறந்துவிட்டார் என்று சொன்னான். என் கணவர் போய்ப் பல வருடமானாலும் நான் அந்தக் குடும்பத்து ஆள். எனக்குத் துடக்கு, சாவுத் தீட்டு. அடுத்த ஊர் வந்தது. நான் குளக்கட்டிலேயே இருந்துவிட்டேன். "நீர் போய்ப் பாரும், நான் வரேல்லை" என்றேன். கால் நோகிறதோ என்று கேட்டார். வீட்டில் சாவு விழுந்தால் முப்பத்தொரு நாள் கோயில் வாசலை மிதிக்க மாட்டோம், எந்தச் சாமி என்றாலும் எனக்கு ஒன்றுதான் என்று, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

"ஆருக்கெல்லாம் இந்தத் துடக்கு?"

"எனக்கு. என்ர மகனுக்கு."

"எமிலிக்கு?"

"ஓம். எங்கட வீட்டுக்கு வந்த பிள்ளையெல்லே."

"மாயாவுக்கு?"

"ஓம், ஓம். அவள் எங்கட ரத்தம்."

"அப்ப எனக்கு?"

"உமக்கில்லை. சம்பந்தி பகுதிக்கு வராது. நீர் தாராளமாய் உள்ளுக்குப் போம்."

ஜோன் தண்ணீர்ப் போத்தலை இறுக்கி மூடினார். முகம் சிவந்துவிட்டது.

"என்ர மகளுக்கு இருக்கு. என்ர பேத்திக்கு இருக்கு. எனக்கு மட்டும் இல்லையோ? இந்தச் சட்டத்தை ஆர் போட்டது, ஆம்பிளையளோ?"

"எனக்கென்ன தெரியும்? நான் பிறக்க முன்னமே போட்டாச்சு."

"எனக்கும் வேணும்."

"ஜோன், இது என்ன பிறந்தநாள் கேக்கே, எனக்கும் ஒரு துண்டு வெட்டித் தாங்கோ எண்டு கேக்கிறதுக்கு? துடக்கை ஆரும் கேட்டு வாங்கிறேல்லை."

"பிள்ளையளின்ர கலியாணத்தண்டு கையால சோறு பிசைஞ்சு சாப்பிட எனக்குக் காட்டித் தந்தவர், இப்ப செத்துப்போன அந்த மனுசன். முழு மண்டபமும் பாத்துச் சிரிக்க, எனக்குப் பக்கத்தில இருந்து ஒவ்வொரு வாயாய்க் காட்டித் தந்தவர். நான் உள்ளுக்குப் போகேல்லை."

சொல்லிவிட்டு என் பக்கத்தில் இருந்தார். பையில் இருந்து பாணையும் சீஸையும் எடுத்து வெட்டினார். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு ஊரிலும் அப்படித்தான். எத்தனை வருடத்துத் தேவாலயம், என்ன விசேசம் என்று கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்து எனக்கு வாசித்துச் சொல்லுவார். உள்ளே போகமாட்டார். இரண்டு பேரும் குளத்தில் நாரையைப் பார்த்துக்கொண்டு இருப்போம்.

கடைசி ஊர் நெருங்க நெருங்க எனக்கு ஒரே கவலை. என்னுடைய துடக்கு அவருடைய ஆசையைக் கெடுக்கப் போகிறதே என்று. அங்கே போவதற்கு முதல்நாள் இரவுச் சாப்பாட்டில் சண்டையே பிடித்தேன்.

"உமக்கென்ன விசரே? இவ்வளவு தூரம் வந்து பாக்காமல் போறதோ? கென் ஆசைப்பட்ட இடம்."

ஜோன் சூப்பைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "கென்னும் வெளியிலதானே நிண்டவர்."



மறுநாள் அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது பின்னேரம். சின்னத் தேவாலயம். சுற்றிவர முழங்கால் உயர மதில், மதிலுக்கு ஒரு படலை, படலைக்கு முன்னால் தெரு, தெருவுக்கு அந்தப் பக்கம் குளம். திறப்பு பக்கத்து வீட்டில் இருந்தது. கோழிகளுக்குத் தீன் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் அதை எடுத்துக்கொண்டு வந்து, பக்கக் கதவைத் திறந்து, எங்களைக் கையால் கூப்பிட்டார். ஜோன் படலைக்கு வெளியே என் பக்கத்தில் அசையாமல் நின்றார். ஆனால் கண் முழுக்க அந்தக் கதவிலேயே. அந்தக் கண்ணைப் பார்த்தபோதுதான் எனக்கு அது நினைவு வந்தது. துடக்குக்காரர் கோயிலுக்குள் போவதில்லையே தவிர, தெருவில் நின்று கும்பிடலாம். வாசல் திறந்திருந்தால் அங்கிருந்தே தீபமும் தெரியும்.

"ஜோன், அந்தப் பெரிய கதவைத் திறக்கச் சொல்லும்" என்றேன். "தெருவில நிண்டு பாப்பம். அதில பிழையில்லை."

ஜோன் தனக்குத் தெரிந்த கொஞ்சப் பிரெஞ்சிலும் மிச்சம் கையாலுமாக அந்தப் பெண்ணுக்கு விளங்கப்படுத்தினார். அந்தப் பெண் கோழித் தீன் சட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து எங்கள் இரண்டு பேரையும் கட்டிப்பிடித்தார். என்ன சொன்னீர் என்று ஜோனைக் கேட்டேன். "எங்கட குடும்பத்தில ஒரு சாவு எண்டு சொன்னனான்" என்றார்.

பெரிய கதவு திறந்து பல வருடம் இருக்கும். அந்தப் பெண்ணின் கணவர் சுத்தியலோடு வந்து தாழ்ப்பாளைத் தட்டித் தட்டி இளக்கினார். இரண்டு பலகையும் விரியத் திறந்தபோது, எங்கள் முதுகுப் பக்கமாக இருந்த சூரியன் நேரே உள்ளே போய்க் கடைசிச் சுவரில் விழுந்தது. சித்திரம் தெரிந்தது. ஆனால் வாசல் பதிவு, உயரம் காணாது. நாங்கள் நின்ற இடமோ தூரம். மேலே இருந்ததெல்லாம் மறைந்துவிட்டது. தெரிந்தது கீழ்வரிசை மட்டும். கால்கள். வரிசையாக மனிதக் கால்கள், மங்கிய சிவப்பும் மஞ்சளுமாக உடுப்பின் கரை, அதற்குக் கீழே விரல்கள். யாருடைய முகமும் தெரியவில்லை.

நான் ஜோனைப் பார்க்கப் பயந்தேன். இதைப் பார்க்கவோ இவ்வளவு தூரம் வந்தது என்று அவர் அழுதுவிடுவாரோ என்று. அவர் கண்ணைச் சுருக்கிக் கனநேரம் பார்த்தார். பிறகு என் கையில் தட்டினார்.

"பாரும் சம்பந்தி. அவையும் சப்பாத்தைக் கழட்டிப்போட்டுத்தான் நிக்கினம்."

தெருவில் நின்று இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கோழியெல்லாம் ஓடின. அப்புறம்தான் அவர் அழுதார். நானும்தான்.

துடக்குக் கழிந்த பிறகு ஒருமுறை வந்து முகங்களைப் பார்ப்போம் என்று பேசிக்கொண்டோம். அடுத்த வருடமே அவர் வருத்தம் வந்து படுத்துவிட்டார். நடக்க முடியாமல் போன பிறகு ஒருநாள் கட்டில் ஓரத்தில் இருந்து, "நீர் அண்டைக்கு உள்ளுக்குப் போயிருக்கலாம், ஜோன்" என்றேன். மனதில் கிடந்து அரித்த விடயம். அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "உள்ளுக்குப் போனவை எத்தினையோ பேர். தெருவில நிண்டு கால் பாத்தது நாங்கள் ரெண்டு பேரும்தான்."

ஜோனின் சாவுக்குப் பிறகு கோயிலில் விசேட பூசை ஒன்று வந்தது. பக்கத்து வீட்டுச் செல்வி கூப்பிட, அவளுடைய காரில் போனேன். எல்லாரும் உள்ளே போக, நான் வெளியே நின்றேன். செல்வி திரும்பி வந்தாள்.

"என்ன அன்ரி, வாங்கோவன். பூசை தொடங்கப் போகுது."

"எனக்குத் துடக்குப் பிள்ளை."

"ஐயோ, ஆர் செத்தது?"

"தெரியும்தானே. என்ர சம்பந்தி."

"சம்பந்திக்குத் துடக்கில்லையே அன்ரி. வேணுமெண்டால் ஐயரைக் கேளுங்கோ."

"ஐயரைக் கேக்கத் தேவையில்லை. அவ எங்கட வீட்டுத் துடக்குக் காத்தவ. இப்ப நான் அவவின்ர காக்கிறன்."

செல்வி உள்ளே போனாள்.

அடுத்த கோடைக்கு என்னை அந்த ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய் முகங்களைக் காட்டுவதாக மாயா சொல்லுகிறாள். போவேன். ஆனால் ஜோனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் கால்களைத்தான். அன்று கோயிலுக்கு வெளியே நின்றபோதும் எனக்குச் சாமி தெரியவில்லை. சப்பாத்தைக் கழற்றிப்போட்டு ஈரக்கல்லில் உள்ளே போகிற சனத்தின் கால்கள்தான் தெரிந்தன. மணி அடித்தது. நான் கைகூப்பினேன். பக்கத்தில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டுத்தான் நின்றேன்.