விளையாட்டுப் பீரியடைத் தின்றவர்

வெள்ளிக்கிழமை கடைசி பீரியடுக்கு மணி அடித்ததும் பாதி வகுப்பு வாசலுக்குப் பாய்ந்திருக்கும். அங்கே வழியை அடைத்துக்கொண்டு, கையில் சாக்பீஸோடு நிற்பார் கணக்கு வாத்தியார். "எங்கடா ஓடுறீங்க? உக்காருங்க. வெளையாடி கலெக்டராவா ஆகப் போறீங்க?" எங்கள் விளையாட்டுப் பீரியடைத் தின்றே உடம்பு வளர்த்த மனிதர். உடற்கல்வி ஆசிரியர் மரத்தடியில் பேப்பர் படிப்பார். பாபநாசத்தில் அதுதான் வழக்கம். பெற்றோர்கள் கணக்கு வாத்தியாரின் அக்கறையை மெச்சினார்கள்.

சித்தப்பா மகனும் என் வகுப்புதான், சில மாதம் இளையவன். அவனுக்கு நடந்தால்தான் கணக்கு வரும். வாய்க்கால் கரையில் நடக்கவிட்டால் மடை திறந்த தண்ணீராக எண்கள் ஓடும். பெஞ்சில் உட்கார்த்தினால் மடை அடைத்துக்கொள்ளும். ஒருநாள் கேட்டே விட்டான்: "சார், கொஞ்சம் நடந்துக்கிட்டே சொல்லட்டுமா?"

"ஏன்டா, ஒனக்கு மூளை காலுலயா இருக்கு?"

வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து அவன் காலைத் துண்டால் பெஞ்சோடு கட்டினார். இதற்குப் பெயர் ஒழுக்கம். பத்தாவதில் கணக்கில் பெயிலாகிப் போனான், படிப்பும் போயிற்று. இன்று அபுதாபியில் ஏசி மெக்கானிக்.

ஓய்வுபெற்ற வாத்தியார் இப்போது பயிற்சி மையம் நடத்துகிறார். வாசலில் பிளக்ஸ்: 'அசைந்தால் அறிவு! குதித்துக் குதித்துக் கணிதம்!' கீழே கழுத்தில் விசிலோடு, பல் தெரிய அவர் படம். படத்தை அபுதாபியில் வாட்ஸப்பில் பார்த்துவிட்டுத் தம்பி போன் செய்தான்: "எம் பாப்பாவுக்கும் கணக்கு வரலண்ணே. பள்ளிக்கூடமே போவ மாட்டேங்குறா. ஆளு மாறிட்டாராம்ல, போய்ச் சேத்து விடுங்க."

போன ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போனேன். வாத்தியார் விசில் ஊதினார். ஏழாம் வாய்ப்பாட்டைக் கத்திக்கொண்டே பிள்ளைகள் குதித்தார்கள். சம்பாவுக்குச் சேறடிக்கிற டிராக்டர்கூட இவ்வளவு சத்தத்தோடு இவ்வளவு வீணாய்ச் சுற்றாது. நடுவில் பாப்பா நின்றுவிட்டாள். கண்ணை மூடி, ஒரு விரலை மடக்கி, எதையோ பிடித்துவிடப் போகிறவள் மாதிரி. அவள் யோசிக்கிறாள் என்று புரிய வாத்தியாராக இருக்க வேண்டியதில்லை, மனிதனாக இருந்தால் போதும்.

விசில் அவள் காதருகே அலறியது.

"என்னம்மா, நட்டு வச்ச கம்பு மாதிரி நிக்கிற? காலு இல்லையா ஒனக்கு? குதி!"

பிள்ளைகள் சிரித்தார்கள். மடக்கிய விரல் விரிந்துவிட்டது. குனிந்து அவளுக்குச் செருப்பை மாட்டினேன்.

"சார், இதுதான் இப்ப புது முறை" என்றது பின்னால் வாத்தியாரின் குரல். திரும்பவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையும்போதே தம்பி கூப்பிட்டான். "சேத்தாச்சாண்ணே? வாத்தியார் எப்படி இருக்காரு?"

"சேக்கலடா. ஆளு அப்படியேதான் இருக்கான். விசில் மட்டும் புதுசு."