பதினேழாவது கையெழுத்து

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள். முப்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்த எனக்குக் கதை கட்டத் தெரியாது. இது 1987 செப்டம்பரில், கல்வராயன் மலைப் பள்ளிக்கூடம் ஒன்றில் எனக்கே நடந்தது.

அப்போது இடஒதுக்கீட்டுப் போராட்டம். கீழே ரோடெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். கச்சிராயபாளையத்திலிருந்து மலைக்குப் பஸ் ஏறவில்லை. பிள்ளைகளும் வரவில்லை. நான் மட்டும் மலையில் மாட்டிக்கொண்டேன்.

எங்கள் பள்ளிக்கு நூறு கதைப் புத்தகமும் ஒரு டேப் ரெக்கார்டரும் வந்து இரண்டு வருஷம். எல்லாம் பீரோவுக்குள்ளேயே கிடந்தன. பிள்ளைகள் கிழித்துவிட்டால் ஆடிட்டில் யார் பதில் சொல்வது? தலைமையாசிரியர் தெய்வசிகாமணி நடந்தே மலையிறங்கிக் கள்ளக்குறிச்சிக்குக் கிளம்பும்போது என்னிடம் சாவியைக் கொடுத்தார்.

"ரோடு தொறந்தா இன்ஸ்பெக்சன் வந்துடும் சார். புள்ளைங்க பொஸ்தகம் எடுத்துக்கினு போன மாரி ரெஜிஸ்டர எழுதி வச்சிடுங்க."

எனக்கு வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. ஒரு ரிமார்க் விழுந்தால் ஒழிந்தேன்.

பகல் 2.50க்கு உட்கார்ந்தேன். வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் புத்தக நம்பர் வரிசையில் பெயர்களை எழுதி, எதிரே பிள்ளைகளின் கையெழுத்தையும் நானே கோணல்மாணலாகப் போட்டுக்கொண்டு போனேன்.

பதினேழாவது, சாலம்மாள், நாலாம் வகுப்பு. ஜூனில் நான் சேர்ந்ததிலிருந்து அவளைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் தினம் வந்ததாகக் குறிப்போம். எண்ணிக்கை குறைந்தால் ஒரு வாத்தியாரை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள்.

அவள் பெயரை எழுதினேன். கையெழுத்து இன்னும் போடவில்லை.

3.10. டொக்... பீரோவுக்குள்.

எலி என்று நினைத்தேன். எழுந்து போய்த் திறந்தேன். புத்தகக் கட்டின் சணல் அவிழவில்லை. ஆனால் டேப் ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது. சர்... சர்...

அதில் பேட்டரி கிடையாது. பள்ளியில் கரண்டும் கிடையாது.

"சார்... பொஸ்தகம்."

சின்னப் பெண் குரல். அந்தப் பெட்டியிலிருந்துதான்.

பிள்ளைகள் புத்தகம் கேட்கும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழக்கதோஷம். என் வாய் தானாகச் சொன்னது. "நாளைக்கு வா."

சர்... சர்...

"தெனம் நாளிக்கின்னுதான சொல்றீங்க."

பின்னால் பேனா கீறும் சத்தம்.

திரும்பினேன்.

யாருமில்லை.

பதினேழாவது வரியில் ஈரம் காயாத கையெழுத்து... சாலம்மாள்.

ஐயோ! ஓடினேன்.

நாலாம் நாள் இன்ஸ்பெக்சன். அதிகாரி பதிவேட்டைப் பார்த்துச் சிரித்தார். "பதினேழாவது மட்டும் புள்ள போட்டது. பாக்கியெல்லாம் நீங்கதான சார்?" என்றவர், ரிமார்க் எதுவும் எழுதாமல் போய்விட்டார். அன்று சாயங்காலம் திரும்பி வந்திருந்த தலைமையாசிரியரும் நானும் கட்டைப் பிரித்து எண்ணினோம். பதினேழாம் நம்பர் புத்தகம் இல்லை.

ஒரு வாரம் கழித்து அவள் அப்பா முனியனைத் தேடிப் போனேன். நடந்ததைச் சொன்னேன்.

"அது காய்ச்சல்ல செத்துப் பூட்டு பத்து மாசம் ஆவுது சார். அதுக்குப் பேரு எழுத வராதே... யாரு சொல்லிக் குடுத்தீங்க? அந்தக் கையெழுத்த ஒருக்கா காட்டுங்க சார்."

காட்ட முடியவில்லை. புத்தகம் காணாமல் போனது வெளியே தெரியக் கூடாது என்று தெய்வசிகாமணி அந்தப் பதிவேட்டை எரித்துவிட்டார். முந்தின நாள்தான் புதிதாக ஒன்று எழுதி முடித்திருந்தேன். சாலம்மாளின் கையெழுத்தையும் நானே போட்டிருந்தேன்.