மற்றும் பலர்

தொண்ணூறுகளில் நான் காரைக்குடியில் ஓர் அரசு அலுவலகத்தில் இருந்தபோது, நலிந்த கலைஞர் உதவித்தொகை கேட்டு ஒரு நாடக நடிகர் வந்தார். ஒடிசலான உடம்பு, கண்ணோரம் அழியாத மை. பேசுவதற்கு முன் ஓரடி பின்வாங்கிக் குனிவார்.

நடித்ததற்கு அத்தாட்சி வேண்டும் என்றேன். ஒரு கட்டு நாடக நோட்டீஸை மேசையில் வைத்தார்.

"எதுலயும் உங்க பேரு இல்லையே?"

"நல்லாப் பாருங்கய்யா. கடைசியில 'மற்றும் பலர்'னு போட்டிருக்காக. அதுல மொத ஆளு நான்தான்."

"சர்க்காருக்குப் பலரைத் தெரியாது. பேரு வேணும்."

"முப்பது வருசமா சேவகன் வேசம்யா. ஒரே வசனம். அதுக்கு எவன் பேரு போடுவான்?"

"என்ன வசனம்?"

ஓரடி பின்வாங்கிக் குனிந்தார். "மன்னா! எதிரிப் படை கோட்டை வாசலுக்கு வந்துவிட்டது!"

தீப்பிடித்தால்கூட நாற்காலியை விடாத என் சக ஊழியர்கள் ஆறு பேரும் எழுந்து வாசலைப் பார்த்தார்கள். நானும்தான்.

'நடிகர் என்பது நேரில் சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அப்படிச் சரிபார்க்க எந்த விதியிலும் இடமில்லை. ஓய்வு பெற்றபின், நான் போட்ட ஆயிரக்கணக்கான கையெழுத்துகளில் அது ஒன்றுதான் நினைவிருக்கிறது.