மூன்று பெட்டியும் ஒரு போனும்

நேற்றுப் பின்னேரம் வீட்டில் ஏதோ கருகும் மணம். குசினிக்கு ஓடினேன்; அடுப்பு அணைந்தே கிடந்தது. தேடித் தேடிக் கடைசியில் பார்த்தால், அலுமாரிக்குப் பின்னால் இணையப் பெட்டியின் அடாப்டர் சூடேறி இளகிக்கொண்டிருந்தது. வயரைப் பிடுங்கிவிட்டுக் கதிரையில் இருந்தவள் வெகுநேரம் எழும்பவில்லை. சூடான பிளாஸ்டிக் மணம் உங்களுக்கு என்ன செய்யுமோ தெரியாது, என்னை அது துறைமுகப் பக்கத்தில் நாங்கள் இருந்த பழைய வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டுவிடும்.

சண்டை மறுபடி மூண்டிருந்த காலம் அது. நான் ஒரு கந்தோரில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அண்ணாவுக்கு வேலை என்று ஒன்று இருக்கவில்லை, வேலை செய்கிற எதையாவது கழற்றிப் பார்ப்பதைத் தவிர. இணையத்தில் போன் கதைக்கும் கொம்பனிகள் அப்போதுதான் முளைத்திருந்தன. ஒன்றில் லண்டனும் கனடாவும் மலிவு. இன்னொன்றில் கட்டாரும் சவூதியும் மலிவு. மூன்றாவது ஒரு லண்டன் நம்பரைத் தந்தது. அந்த நம்பருக்கு எந்த நாட்டிலிருந்து எடுத்தாலும் மணி எங்கள் வீட்டில் அடிக்கும். மற்றவர்கள் என்றால் ஒன்றோடு நின்றிருப்பார்கள். அண்ணா மூன்றினதும் பெட்டிகளை எடுத்து, வீட்டில் இருந்த ஒரே லைனில், ஒரே போனில் சேர்க்கப் புறப்பட்டார்.

சேர்ப்பது லேசான காரியமில்லை. மூன்று பெட்டியும் ஒரே வாசலால்தான் போவோம் என்று அடம்பிடித்தன. ஒன்று எழும்பினால் மற்றது படுத்துவிடும். டொரொன்டோவிலிருந்து பெரியம்மா கதைப்பது எங்களுக்குக் கேட்கும், நாங்கள் கதைப்பது அவருக்குக் கேட்காது. "அந்த வீட்டிலை ஒருத்தருக்கும் வாயில்லையோ?" என்று அவர் பேசுவது மட்டும் அட்சரசுத்தமாக வந்து விழும். அண்ணா மேசைக்குக் கீழேயே குடியிருந்து, ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனி வாசல் காட்டிக்கொடுத்தார். பிறகு போனில் ஏழாம் இலக்கத்தை அமத்தினால் கனடா, லண்டன்; எட்டை அமத்தினால் வளைகுடா. அம்மாவின் தையல் மெசினுக்கு மேல் மூன்றும் சூடேறி, பிளாஸ்டிக் மணக்கப் பச்சை லைட்டைச் சிமிட்டிக்கொண்டு இருந்தன. அம்மா தைக்க இடமில்லாமல் தைப்பதையே விட்டுவிட்டார்.

ஃபரீதா அக்கா வந்தது அந்த நாட்களில்தான். மூதூர்க்காரி. குடாக்கடலுக்கு அந்தப் பக்கம் மூதூரில் ஷெல் விழத் தொடங்க, பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு காடு மேடெல்லாம் நடந்து வந்து, எங்கள் அடுத்த ஒழுங்கையில் மாமி வீட்டில் ஒதுங்கியிருந்தார். கணவர் ரவூப் நானா கட்டாரில் சமையல் வேலை. மூதூர் வீட்டுப் போன் செத்துவிட்டது. மனுசிக்கும் பிள்ளைகளுக்கும் என்ன ஆனதென்று அந்த மனிதனுக்கு இன்னும் தெரியாது. யாரோ சொல்லித்தான் எங்களிடம் வந்தார்.

அண்ணா எட்டை அமத்தி, நம்பரையும் அமத்தி ரிசீவரைக் கையில் கொடுத்தார். அங்கே மணி போனதுதான் தாமதம், ஃபரீதா அக்கா டக்கென்று வைத்துவிட்டார்.

"ஐயோ அக்கா, ஏன் வெட்டினனீங்கள்?"

"மிஸ்கோல் தம்பி. மிஸ்கோல் குடுத்தா அவர் எடுப்பார். எந்த நாளும் அப்பிடித்தானே."

அண்ணா தலையில் கைவைத்தார். வளைகுடாப் பெட்டியால் போகிற அழைப்பில் அந்தப் பக்கம் தெரிவது யாரோ ஊர்பேர் தெரியாத நம்பர். கொம்பனிக்குப் பொதுவான நம்பர். திரும்ப எடுத்தால் எங்கும் அடிக்காது. பதறிப்போய் மறுபடி எடுத்தார். லைன் பிசி. மறுபடியும் பிசி. எனக்கு அப்போதுதான் விளங்கியது. மனிதன் மூதூர் வீட்டுச் செத்த நம்பருக்கு விடாமல் எடுத்துக்கொண்டிருக்கிறான். அவன் விட்டால்தான் எங்கள் அழைப்பு போகும். அவன் விடுவதாக இல்லை.

"லண்டன் நம்பராலை போக விடுறன். அந்த நம்பர் அவருக்கு விழுந்தால், திருப்பி எடுக்க மணி இங்கை அடிக்கும்" என்று அண்ணா எல்லாவற்றையும் நிறுத்தி மாற்றத் தொடங்கினார். லைட்டுகள் அணைந்தன. ஃபரீதா அக்கா அவற்றையே பார்த்தபடி வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தார். லைட் பச்சையாக எரிந்ததும் அண்ணா நம்பரை அமத்தினார். இந்த முறை மணி போனது. ஒருவரும் எடுக்கவில்லை. அண்ணா இன்னொரு தரம் எடுக்கக் கையை வைக்கும்போது கேற் தடால் என்று திறந்தது.

நேவி. பகல் முழுக்கச் சந்தைப் பக்கம் சுற்றிவளைப்பு என்று கேள்விப்பட்டிருந்தோம், எங்கள் ஒழுங்கைக்கும் வந்துவிட்டார்கள். முன்னால் வந்தவர் அவர்களில் பெரியவர், ஏதோ அதிகாரி. பின்னால் துவக்குகளோடு நாலைந்து பேர். அவர் கண் நேரே தையல் மெசினுக்குப் போனது. மூன்று பெட்டி, ஒரு அன்ரெனா, சிமிட்டும் லைட், ஒரு கட்டு வயர். அந்த நாளில் அதைப் பார்த்து யார்தான் போன் என்று நினைப்பார்கள்?

"மேக்க மொகத?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார். எனக்குத் தெரிந்த கந்தோர்ச் சிங்களத்தில் சொல்லத் தொடங்கினேன்.

அப்போது போன் அடித்தது.

அவரே எடுத்தார். "ஹலோ, கவுத?" யார் என்று கேட்டார். அந்தப் பக்கம் டக்கென்று வெட்டுப்பட்டது. எடுத்தது ரவூப் நானாதான் என்று ஃபரீதா அக்காவுக்கும் விளங்கிவிட்டது. மூதூரில் சண்டை, மனுசியின் கதை இல்லை, திருப்பி எடுத்த நம்பரில் ஒரு சிங்கள ஆண்குரல். அந்த மனிதன் என்ன நினைத்திருப்பான் என்று யோசிக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

அண்ணாவை மண்டியிடச் சொன்னார்கள். நான் விக்கி விக்கி ஏதோ விளங்கப்படுத்திக்கொண்டிருந்தேன். போன் மறுபடி அடித்தது. பெரியவர் எங்கள் எல்லாரையும் ஒருதரம் பார்த்துவிட்டு ஸ்பீக்கரை அமத்தினார்.

"மாத்தயா..." தட்டுத்தடுமாறிய சிங்களம். பக்கத்தில் யாரோ சொல்லிக்கொடுக்கிறார்கள் போலும், சொல்லுக்குச் சொல் நின்று நின்று வந்தது. "மகே பவுல இன்னவாத?"

ஐயா, என் குடும்பம் இருக்கிறதா?

பெரியவர் ஃபரீதா அக்காவைப் பார்த்தார். "இன்னவா," என்றார். "இன்னவா, இன்னவா." போனை நீட்டினார்.

"கண்டவனிட்டயெல்லாம் என்னத்துக்குக் கேக்கிறீங்க?" என்று ஃபரீதா அக்கா கத்தினார். "உசிரோட இரிக்கம்! புள்ளைகளும் இரிக்கு!" அதற்குப் பிறகு ஸ்பீக்கரில் ஒரு ஆம்பிளை அழுகிற சத்தம் மட்டும்தான். துவக்கோடு நின்றவர்கள்கூட நிலத்தைப் பார்த்தார்கள். நானும் அழுதேன், மறைப்பானேன்.

அந்தப் பெரியவரை நல்லவர் என்று சொல்லி முடித்துவிட எனக்கும் ஆசைதான். அழுகை ஓய்ந்ததும் பெட்டிகளை வயரோடு சுருட்டி எடுத்தார்கள். அண்ணாவையும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அடுத்தநாள் அண்ணாவை விட்டுவிட்டார்கள். நடந்தே வந்தார். என்ன கேட்டார்கள், என்ன செய்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை. அம்மா சோறு போட்டார், சாப்பிடவில்லை. அதன் பிறகு அவர் ஒரு வயரைத் தொட்டு நான் காணவில்லை. அடுத்த வருசம் வெளிநாடு போய்விட்டார்.

அந்தக் கொம்பனிகள் இப்போது பெயருக்கும் இல்லை. மிஸ்கோலும் போய்விட்டது. மூதூருக்குப் பாலம் வந்துவிட்டது, சோதனைச் சாவடிகள் இல்லை. அவை போனதில் எனக்குத் துளி கவலையும் இல்லை. மேசைக்குக் கீழே இருந்து கால் மட்டும் தெரிய, "இப்ப எடுத்துப் பாரடி, கேக்குதோ?" என்று கத்துகிற அண்ணாவும் போய்விட்டார், அதுதான் தாங்க ஏலாமல் இருக்கிறது. இங்கிலாந்தில் அவர் வீட்டில் போன் மணி அடிக்கக்கூடாது. அண்ணிதான் கதைப்பார்.

ரவூப் நானாவும் ஃபரீதா அக்காவும் ஒவ்வொரு பெருநாளுக்கும் வட்டிலப்பம் கொண்டு வருவார்கள். "தம்பிக்கு ஒருக்கா எடுத்துத் தாங்க தங்கச்சி, ஒரு சொல்லாவது கதைக்கணும்" என்று நானா கேட்பார்.

அங்கே இப்போது இரவு, அண்ணா நித்திரை என்று ஒவ்வொரு வருசமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.