மூன்று கூடைக்கு ஒரு கூடை

மாடம்மாளுக்குச் சாம்பல் வாருகிற வேலை. கேவலமாக நினைத்துவிட வேண்டாம். ஆரியசாலைக் கடைத்தெருவுக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சாயத்துணி மில்லில் பாய்லர் மூச்சுவிட்டதே அவளால்தான். அடுப்பின் இரும்புக் கம்பிகளுக்குக் கீழே விழுகிற சாம்பலை அவளும் கூட வேலை பார்த்த உலகம்மையும் வாரிக் கொட்ட வேண்டும். சாம்பல் அடைத்தால் காற்று ஏறாது. காற்று இல்லாமல் நெருப்பு ஏது?

1973-இல் வங்காளக் கரி வேகன்கள் சொன்ன நாளில் வராமல் இழுத்தடித்தன. கையிருப்பில் இருந்த வங்காளக் கரியோடு ஆந்திராக் கரியைப் பாதிக்குப் பாதி கலக்கச் சொல்லி இஞ்சினியர் சுந்தரராமன் உத்தரவு போட்டார். கோட்டைக்குள் அக்கிரகாரத்தில் குடியிருந்தவர், காகிதக் கணக்கில் புலி. இரண்டு கரியும் தனித்தனியே நன்றாகத்தான் எரிந்தன. கலந்தால் மட்டும் என்ன வந்துவிடப் போகிறது?

வந்ததே! இரண்டாம் நாளே சாம்பல் உருகிப் பாகாகிக் கம்பியோடு ஒட்டிக்கொண்டது. கடப்பாரையால் இடித்து இடித்து உலகம்மையின் கை கொப்பளித்தது. ஆவி குறைந்து சாயத்தொட்டி ஆறியது. மாடிகளில் காய்ந்த அப்பளத்தில் கரும்புகை படிய, ஆரியசாலைக்காரர்கள் மில் வாசலில் வந்து கத்தினார்கள். சுந்தரராமன் நேரே சாம்பல் குழிக்கு வந்தார்.

“நேரத்துக்கு வாரறதில்லே, அதான் கட்டியாயிடறது. சனிக்கிழமைக்குள்ளே சரியாகலேன்னா ரெண்டு பேரும் வேலையிலேர்ந்து நின்னுக்கோங்கோ.”

மாடம்மாளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. “வாரல்லண்ணு ஆரு சாரே சொன்னது? தனியா எரிச்சா ரெண்டு சாம்பலும் மாவு கணக்கா விழுது. சேந்தாத்தான் ஒட்டுது. கலப்புதான் சரியில்ல.”

“கரியைப் பத்தி ஒனக்கென்ன தெரியும்?”

“கரியப் பத்தித் தெரியாது. சாம்பலப் பத்தித் தெரியும். பதினோரு வருசமா வாருகேன்.”

அவர் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. மாடம்மாள் அழுதுகொண்டிருக்கவில்லை; உடைத்த கட்டி ஒன்றைத் தூக்கிச் சுவரோரம் வைத்துவிட்டு, பாய்லருக்குக் கரி போடும் பூதலிங்கத்திடம் போனாள்.

“அண்ணே, ரெண்டும் சமமா நிக்கியதுலதான் மல்லுக்கட்டு. ஒண்ணு கூடட்டும். ஆந்திராக் கரி மூணு கூடைக்கு மத்தது ஒரு கூடை போட்டுப் பாப்போம்.”

“சாருக்குத் தெரிஞ்சா எனக்க வேலையும் போவும், பிள்ளே.”

“கேட்டா நான்தான் கலந்தேன்னு சொல்லும். எங்களுக்கு எப்படியும் போகுது.”

புதன்கிழமை அவளே அளந்து கொட்டினாள். அப்படியும் கட்டி. ஒரு மூலையில் மட்டும், தேங்காய் அளவில். மாடம்மாள் கரிக்குவியலைக் கிளறிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். கூடை கூடையாகக் கொட்டியதில் இரண்டு கரியும் கலக்காமல் தனித்தனியே கிடந்தன. “அட மூதேவி, அளந்தியே, புரட்டினியா?” என்று தன்னையே திட்டினாள். வியாழன் காலை, கொத்தனார் மணலும் சிமெண்டும் புரட்டுவதுபோல மண்வெட்டியால் மூன்று தரம் புரட்டினாள். இடுப்பு விட்டுப்போயிற்று. ஆனால் சாம்பல் பொலபொலவென்று விழுந்தது. புகைபோக்கியில் மெல்லிய புகைதான். வெள்ளிக்கிழமையும் அப்படியே.

சனிக்கிழமை சுந்தரராமன் வந்தார். சுவரோரம் செவ்வாய்க்கிழமைக் கட்டி குழவிக்கல் அளவுக்கு இருந்தது. பக்கத்தில் புதன்கிழமைத் தேங்காய். அப்புறம் காகிதத்தில் ஒரு பிடி பொடிச் சாம்பல். மாடம்மாள் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அவர் அழுத்தமானியைப் பார்த்தார், வெளியே போய்ப் புகையைப் பார்த்தார், திரும்பி வந்தார்.

“பாதிக்குப் பாதி என் தப்புதான்” என்றார். நல்ல மனிதர், மறைக்கவில்லை. ஆனால் அடுத்த மூச்சிலேயே, “சாம்பல் இவ்வளவு லேசா விழறதுன்னா வாரறதுக்கு ஒரு ஆள் போறும்னு மேலே இருக்கறவா சொல்லுவாளே” என்றார்.

உலகம்மை கொப்பளித்த கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள். மாடம்மாள் மண்வெட்டியை எடுத்து அவர் முன்னால் ஊன்றினாள். இதற்கா இத்தனை பாடு?

“வாருகதுக்கு ஒரு ஆளு போதும் சாரே. புரட்டுகதுக்கு? நீங்க வருவியளா?”

அவர் கரிக்குவியலைப் பார்த்தார்.

“உலகம்மே, நீ சாம்பல வாரு” என்று சொல்லிவிட்டு, மாடம்மாள் ஆந்திராக் கரியில் முதல் கூடையைக் கவிழ்த்தாள். இரண்டாவது கூடை விழும்வரை பார்த்துக்கொண்டு நின்ற சுந்தரராமன், பேனாவைத் திறந்தார். எண்ணெய்ப் பாய்லர் வந்த 1984 வரைக்கும் அந்த மில் பதிவேட்டில் சாம்பலுக்கு உலகம்மை பெயரும், கரிக் கலப்புக்கு மாடம்மாள் பெயரும் இருந்தன.