டிஸ்க்குக்கு அளவு கொண்டுபோன ஃபரீதா

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஃபரீதாவிடம் ரவிக்கை தைக்கக் கொடுப்பவர்களுக்கு ஒரே சட்டம்தான். அளவு ரவிக்கை இல்லாமல் வந்தால் யாரானாலும் வந்த வழியே போக வேண்டியதுதான். அப்பேர்ப்பட்டவள் லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி என்ற வேகமான புது டிஸ்க் வாங்க வெறுங்கையோடு ராஜபாளையம் போனாள் என்றால் என்னத்தைச் சொல்ல.

அவசரம் அப்படி. ஆன்லைனில் ரவிக்கை வெட்டச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருந்தாள். ஒன்பது பெண்கள் சேர்ந்தார்கள். முதல் வகுப்பிலேயே பழைய லேப்டாப் பாதியில் நின்றுபோனது. அது மறுபடி எழுந்து வருவதற்குள் ஒருத்தி பாக்கியில்லாமல் எல்லாரும் போயிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை இன்னொரு தடவை வாருங்கள் என்று கெஞ்சியிருந்தாள். அதுவும் சொதப்பினால் வகுப்பை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"என்ன மாடல் தங்கச்சி?" என்று கேட்டார் கம்ப்யூட்டர் கடை சுயம்புலிங்கம்.

"கறுப்பு, அண்ணாச்சி."

அவர் சிரித்துவிட்டார். இவளோ வீடியோவில் பார்த்த, சூயிங்கம் பட்டை மாதிரியான சின்னதுதான் வேகம் என்று அடம்பிடித்து வாங்கினாள். பிரிக்காமல் கொண்டுவந்தால் மாற்றித் தருகிறேன் என்று சொல்லித்தான் கொடுத்தார்.

வீட்டில் கணவர் நவாஸ் லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றினார். உள்ளே உள்ளங்கை அகலத்துக்குப் பழைய டிஸ்க் ஒன்று உட்கார்ந்திருந்தது. பட்டையைச் செருக வேறு இடமே இல்லை.

"எம்புட்டுப் பேரை அளவு இல்லன்னு விரட்டிருக்கேன், எனக்கு நல்லா வேணும்" என்று ஃபரீதா தலையில் அடித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலையில் பழைய டிஸ்க்கை லைனிங் துணியில் சுற்றி, பிரிக்காத பட்டையையும் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். துணியைப் பிரித்துப் பார்த்த சுயம்புலிங்கத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"எங்க வீட்டுல தீவாளிக்கு உங்கிட்ட அளவு ரவிக்கை இல்லாம வந்து திரும்பிப் போனாள்ல, இப்பத்தான் என் வயிறு குளிருது."

பட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, பழைய டிஸ்க்கின் அதே அகலத்தில் ஒரு எஸ்எஸ்டியை எடுத்து வைத்தார்.

"ஒல்லியா இருக்கே, ஆடாதா அண்ணாச்சி?"

"ஒல்லியா இருந்தா என்ன? ஸ்க்ரூ ஓட்டையும் சொருகுற பல்லும் ஒண்ணுதான், வச்சுப் பாரு."

இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஓட்டை ஓட்டையாக விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் தலையாட்டினாள். கடையிலேயே பழையதில் இருந்ததெல்லாம் புதியதில் ஏறி முடிய மத்தியானம் ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஏழு பேர் வந்தார்கள். ஒன்றரை மணி நேரம் லேப்டாப் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. முடிகிற நேரத்தில் வத்திராயிருப்பு பிரிஸ்கில்லா, தான் வெட்டிய ரவிக்கைக் காகிதத்தை, கை பொருத்தும் வளைவு தெரிய, தூக்கிக் காட்டினாள்.

"டீச்சர், கைக்குழி சரியா இருக்கா?"

இருபது வருஷமாக டெய்லரக்கா என்ற பெயரைத் தவிர வேறொன்றும் ஃபரீதா கேட்டதில்லை. கைக்குழி என்னவோ சரியாகத்தான் இருந்தது.

"சரியாத் தெரியல, இன்னும் கிட்டக் கொண்டா" என்றாள். முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொள்ள அவளுக்குச் செத்த நேரம் வேண்டியிருந்தது.